ஐந்து விரலுக்குள் 31 எழுத்து

ஒற்றைக் கையால் தட்டச்சு பழகுகிறேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "போன்ல பேசினா அதுவே அடிச்சிடுமே, எதுக்கு இந்த வேலை?" இடது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்ததும் நானும் முதலில் பேசித்தான் பார்த்தேன். இரண்டு வரி வாட்ஸப்புக்குச் சரி. நாலு பத்தி எழுத்துத்தமிழ் வேண்டுமென்றால் வீட்டுக்குள் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச வேண்டியிருக்கிறது, ல, ள, ழ குழம்புகிறது, பக்கத்தில் யாராவது தூங்கினால் அதுவும் கிடையாது. தவிர, அடித்து, அழித்து, மறுபடி அடித்தால்தான் எனக்கு ஒரு வாக்கியம் உருப்படியாக வரும்.

அப்போதுதான் கார்டட் கீபோர்டு பக்கம் போனேன். இதில் ஒரு எழுத்துக்கு ஒரு விசை என்ற கணக்கே இல்லை, புல்லாங்குழலில் எந்தெந்தத் துளையை மூடுகிறோம் என்பதை வைத்து ஸ்வரம் வருவது போல, எந்தெந்த விசைகளைச் சேர்த்து அழுத்துகிறோம் என்பதை வைத்து எழுத்து வரும். ஐந்தே விசை இருந்தாலும் 31 சேர்க்கைகள் கிடைக்கும்.

புதிய சரக்கு இல்லை இது. 1968 டிசம்பர் 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை முதல்முறை பொதுமேடையில் காட்டியபோது வலக்கையில் மவுஸ், இடக்கையில் இந்த ஐந்து விசைப் பலகை. உலகம் மவுஸை எடுத்துக்கொண்டது, மற்றதை அங்கேயே விட்டுவிட்டது. என் கருத்தில் காரணம் எளிது: மவுஸைப் பிடித்த அடுத்த நிமிடமே ஓட்டிவிடலாம், இதைப் பிடித்தால் முதல் நாள் உங்கள் பெயரைக்கூட அடிக்க முடியாது. விசையில் எழுத்தும் அச்சிட்டிருக்காது, தேடித்தேடிக் குத்த வழியில்லை. கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிற பொருளுக்கு இதைவிடப் பெரிய சாபம் கிடையாது.

ஆனால் பழகுவது அவ்வளவு கஷ்டமா என்றால், இல்லை. இதே மாதிரி விசைகளைச் சேர்த்து அழுத்துகிற ட்விட்லர் என்ற ஒற்றைக்கைக் கருவியை வைத்து அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அதுவரை தொட்டே பார்க்காதவர்கள் சுமார் 400 நிமிடப் பயிற்சியில் ஆங்கிலத்தில் சராசரியாக நிமிடத்துக்கு 26 சொல் அடித்தார்கள். 400 நிமிடம் என்பது ஏழு மணி நேரம்கூட இல்லை. லோயர், ஹையர் பரீட்சைக்காக மாதக்கணக்கில் தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போன ஊர் நம்முடையது, நாம் இதற்குப் பயப்படலாமா?

இனி தமிழுக்கு வருவோம், எனக்கு உற்சாகம் வந்ததே இங்கேதான். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மொத்தம் 31! ஐந்து விசை தருகிற அதே 31. கணினியில் தமிழ் அடிக்கப் பயன்படும் தமிழ்99 விசைப்பலகையின் விதியையும் இதில் அப்படியே வைத்துக்கொள்ளலாம்: மெய்க்குப் பின் உயிரை அடித்தால் உயிர்மெய், மெய்க்குப் பின் ஃ அடித்தால் புள்ளி, க-வை இரண்டு முறை அடித்தால் தானாக க்க. 247 எழுத்துக்கும் இந்த 31 போதும். எங்கல்பார்ட் ஐந்து விசைக்கும் 1, 2, 4, 8, 16 என்று மதிப்பு வைத்து, ஆங்கில எழுத்துகளை அகரவரிசையிலேயே எண்ணிட்டு வைத்ததால், அடிக்கடி வருகிற, 15-ஆவது எழுத்தான O-வுக்கு (1+2+4+8) நாலு விரல் வேண்டியிருந்தது. நான் அந்த வழியில் போகவில்லை. அதிகம் வருகிற க, த, ன, ம, ர ஆகியவற்றுக்கு ஒற்றை விரல், மோதிர விரல் முரண்டு பிடிக்கிற சேர்க்கைகளை ங, ஞ, ஔ-வுக்குக் கொடுத்துவிட்டேன். ஔவைப் பாட்டி மன்னிக்கட்டும்.

இடைவெளிக்கும் அழிப்பதற்கும் இடம் வேண்டுமே, அதற்குக் கட்டைவிரலுக்கு இன்னொரு விசை. இது என் மூளையில் உதித்ததில்லை, திரைப்பட இயக்குநர் சை எண்ட்ஃபீல்ட் உருவாக்கிய மைக்ரோரைட்டர் என்ற ஒற்றைக்கை எழுதுகருவி 1980களில் விற்பனைக்கு வந்தபோதே அதில் ஆறு விசை. கிரந்தமும் எண்களும் இந்த ஆறாவதை அழுத்திப் பிடித்துக்கொண்டு.

பழகும்போது கடுப்பேற்றுவது மனப்பாடம் இல்லை, விரலை எடுப்பது. அழுத்தும்போது எழுத்து பதிவதில்லை, விடும்போதுதான் பதிகிறது. எல்லா விரலும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். வேகமெடுக்கும்போது ஒரு விரல் மேலே வர சோம்பல்பட்டால் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வேறு ஏதோ விழும். மெதுவாக, தாளம் தப்பாமல் அடிப்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

எல்லாரும் இதற்கு மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன், இரண்டு கையும் நன்றாக இருப்பவர்களுக்குத் தேவையே இல்லை. ஆனால் பக்கவாதத்தில் ஒரு கையோடு பேச்சும் குழறிப்போனவர்களிடம் "வாய்ஸ் டைப்பிங் இருக்கே" என்று சொல்வதைக் கேட்டால் கோபம் வருகிறது. கேட்கிற மெஷினுக்குப் புரிகிற மாதிரி பேச முடிந்தால் அவர்கள் ஏன் தட்டச்சுக்கு வருகிறார்கள்?

செலவும் பெரிதில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆறு சுவிட்ச், எந்த விசை அழுந்தியது என்று கணினிக்குச் சொல்ல ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் சில்லு, சால்டரிங் தெரிந்த ஒரு நண்பர். தமிழுக்கென்று தனி மென்பொருள் எழுத வேண்டாம், கருவி தமிழ்99 விசைகளின் இடத்தை மட்டும் அனுப்பினால் போதும், உயிர்மெய் சேர்ப்பதைக் கணினியில் இருக்கிற தமிழ்99 பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு வேறு ஒரு அட்டவணை மனப்பாடம் செய்ய வேண்டும், அதை நான் இன்னும் தொடவில்லை, அவசரமும் இல்லை.