தோளில் தொங்கும் எஞ்சினையும் கணக்கில் எடுங்கள்

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றிய விவாதம் முழுவதும் காரையும் பைக்கையும் சுற்றியே நடக்கிறது. மைலேஜ் எவ்வளவு குறையும், வாரண்டி செல்லுமா, பழைய வண்டியின் ரப்பர் பாகங்கள் தாங்குமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் அதே பங்க்கில் கேனில் இரண்டு லிட்டர் வாங்கிப் போய், 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான மசகு எண்ணெய்) கலந்து, பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு தென்னந்தோப்பில் களை வெட்டும் மனிதரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. களை எடுக்கும் பவர் வீடர், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், மரம் அறுக்கும் செயின் சா, சிறிய ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் ஊற்றுவது அந்தப் பெட்ரோலைத்தான். இ20-ஆல் அதிகம் அடிபடுவது இந்தச் சின்ன எஞ்சின்கள்தான் என்பது என் உறுதியான கருத்து. இவற்றுக்கு வேறு பெட்ரோல் கிடைக்க அரசு வழி செய்தே ஆகவேண்டும்.

நான் எத்தனாலுக்கு எதிரி அல்ல. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் இன்னொரு சந்தை கிடைப்பதை எந்த விவசாயி வேண்டாம் என்பான்? கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவதும் நல்லதே. 2022 ஜூனில் 10 சதவீதக் கலப்பை எட்டினோம். 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-லேயே தொட்டுவிட்டோம். வேகம் பாராட்டத்தக்கது. அந்த வேகத்தில் யார் விடுபட்டுப் போனார்கள் என்பதே என் கேள்வி.

எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆக்சிஜன். பெட்ரோலில் எத்தனால் கூடக் கூட, எஞ்சினுக்குள் காற்று மிகுந்து எரிபொருள் மெலிந்த கலவையே போய்ச் சேரும். புதிய கார்களிலும் பிஎஸ்6 பைக்குகளிலும் புகைக்குழாயில் இருக்கும் சென்சார் இதைக் கண்டுபிடித்துச் சொல்லும். உள்ளே இருக்கும் கணினி எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும். பிரஷ் கட்டரில் இருப்பதோ காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் ஒரு சின்ன கார்புரேட்டர். திருகை எந்த அளவில் வைத்தோமோ அந்த அளவுதான். தனக்கு வருவது 10 சதவீதமா 20 சதவீதமா என்று அதற்குத் தெரியாது. எஞ்சின் சூடாகும், சில நேரம் ஐடிலிங் வேகமும், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகமும், தானாக ஏறும்.

இந்த ஐடிலிங் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிரஷ் கட்டரிலும் செயின் சாவிலும் இருப்பது மையவிலக்கு கிளட்ச். ஆக்ஸிலரேட்டரை விட்டால் எஞ்சின் வேகம் தணியும், கிளட்ச் விலகும், பிளேடு நிற்கும். அந்த நம்பிக்கையில்தான் தொழிலாளி வரப்பைத் தாண்டுகிறார், திரும்பி நின்று பேசுகிறார், காலருகே கிடக்கும் மட்டையை ஒதுக்குகிறார். ஐடிலிங் வேகம் ஏறிவிட்டால் கிளட்ச் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரில் விரலே இல்லாதபோதும் பிளேடு சுற்றும். காலில் ரப்பர் செருப்போடு வேலை செய்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

இது என் கற்பனை அல்ல. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகங்கள் 2008-ல் வெளியிட்ட அறிக்கையில், எத்தனால் கூடிய பெட்ரோலில் புல்வெட்டும் கருவிகள் சிலவற்றின் கிளட்ச் இப்படித் தானாகப் பிடித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். புகையின் வெப்பம் ஏறியதையும் அளந்திருக்கிறார்கள். அந்த நாடு பிறகு 15 சதவீதக் கலப்பை அனுமதித்தபோது, 2001 மற்றும் அதற்குப் பிந்தைய மாடல் கார்களுக்கும் இலகு ரக வாகனங்களுக்கும் மட்டும் என்று வரம்பு கட்டியது. மோட்டார் சைக்கிள், படகு, புல்வெட்டும் இயந்திரம், செயின் சா எதற்கும் அதை ஊற்றக் கூடாது. ஊற்றுவது சட்டவிரோதம் என்று பங்க்கிலேயே ஸ்டிக்கர் ஒட்ட வைத்தது. அங்கே 15 சதவீதத்துக்கே தடை. இங்கே 20 சதவீதத்தை ஊற்றுகிறோம், ஒரு எச்சரிக்கைச் சீட்டுகூட இல்லாமல்.

அடுத்தது தண்ணீர். எத்தனால் நீரை இழுக்கும். காற்றின் ஈரம் மட்டுமே ஒரே இரவில் பெட்ரோலைக் கெடுத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இதில் மிகைப்படுத்திப் பேசுபவர்கள் அதிகம். ஆனால் மூடி சரியாக இல்லாத கேன், மழையில் நனைந்த டேங்க், பாதி காலியாக மாதக்கணக்கில் மோட்டார் அறையில் கிடக்கும் பெட்ரோல் ஆகியவற்றின் கதை வேறு. நீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். நாம் கலந்த 2டி ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கில் உறிஞ்சும் ஃபில்டர் கிடப்பது அடியில். ஆக, ஆயிலே இல்லாத திரவம்தான் முதலில் எஞ்சினுக்குப் போகிறது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அந்த ஆயிலைத் தவிர வேறு மசகு கிடையாது. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் பக்கத்து மெக்கானிக் மேசையில் இப்படி வந்த கார்புரேட்டரைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு மெல்லிய சவ்வு, டயாபிரம், இருக்கும். விரல் பட்டாலே நெளிய வேண்டியது, அட்டைபோல விறைத்துச் சுருங்கியிருந்தது. அலுமினியக் குழிக்குள் சுண்ணாம்புபோல வெள்ளைப் பூச்சு. பெட்ரோல் குழாயை மடக்கியதும் வெடித்தது. உரிமையாளருக்கு அது ஒரு ரிப்பேர் செலவு. வாடகைக்கு இயந்திரம் ஓட்டிப் பிழைப்பவருக்கோ அன்றைய கூலியே போனது.

செயின் சாவின் நிலைமை இன்னும் சிக்கல். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சும்மா கிடக்கும் கருவி அது. தேவைப்படும் நாளில் உடனே கிளம்பியாக வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டாவில் சாலைகளை அடைத்துக் கிடந்த தென்னைகளை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு நாளில் இழுத்த கயிறுக்கு எஞ்சின் கிளம்பாவிட்டால், ஆம்புலன்ஸ் ஊருக்குள் வர முடியாது.

நான் கேட்பது புதிய கோரிக்கையும் அல்ல. பழைய வாகனங்களின் பாதுகாப்புக்காக 10 சதவீதக் கலப்புப் பெட்ரோலும் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொல்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்ற பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. சரி, நீதிமன்றக் கதவு மூடியிருக்கலாம். நிர்வாகத்தின் கதவு திறந்துதானே இருக்கிறது? சுவீடனில் காட்டு வேலைக்கென்றே எத்தனால் இல்லாத ஆல்கைலேட் பெட்ரோல் தனியாக விற்கிறார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பல சிறு எஞ்சின்களின் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்று அச்சிட்டிருக்கிறது. பவர் வீடர் வாங்க மானியம் கொடுக்கும் அரசு, அந்தக் கையேடு சொல்லும் பெட்ரோலும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பேட்டரி இயந்திரம் வாங்கலாமே என்பவர்களுக்கு: வீட்டுத் தோட்டத்துக்குச் சரி, ஏக்கர் கணக்கில் தோப்பு வெட்டுபவருக்கு, சார்ஜ் தீர்ந்துவிட்டால் மின்சாரம் இல்லாத இடத்தில் அது ஓடாது.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். அன்றன்றைக்குத் தேவையான பெட்ரோலை மட்டும் வாங்குங்கள். வேலை முடிந்து நீண்ட நாள் வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஆயிலைக் குத்துமதிப்பாக ஊற்றாமல் கையேடு சொல்லும் அளவில் கலக்குங்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. ஆக்ஸிலரேட்டரை விட்டபின்னும் பிளேடு சுற்றினால் அன்றைய வேலையை நிறுத்திவிட்டு முதலில் ஐடிலிங்கைச் சரிசெய்யுங்கள், கூலி போனாலும் பரவாயில்லை.

தாலுகாவுக்கு ஒரு பங்க்கிலாவது 10 சதவீதக் கலப்புப் பெட்ரோல், ஒவ்வொரு பம்ப்பிலும் எத்தனால் அளவைத் தமிழில் எழுதிய ஸ்டிக்கர். இந்த இரண்டையும் கேட்டு, அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறேன். கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் பங்க்குகளிலிருந்தே தொடங்கலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறேன். இயந்திரம் வைத்திருப்பவர்களும் ஓட்டுபவர்களும் அவரவர் மாவட்டத்தில் இதே மனுவைக் கொடுங்கள். நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.