மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி

போர்க்களத்தில் ஒருவர் ரத்தம் போய் இறந்தால் விதி என்று விட்டுவிடுகிறோம். எல்லாமே விதி இல்லை, ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சமிக் அமிலம் என்ற மலிவான மருந்து இருக்கிறது. 2001 முதல் 2011 வரை போரில் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களின் காயங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். மருத்துவமனையை எட்டும் முன்பே இறந்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் பிழைத்திருக்கக் கூடியவர்கள், அவர்களில் பத்துக்கு ஒன்பது பேரைக் கொன்றது ரத்தப்போக்கு.

அதே காலத்தில் ஈராக்கில் ரத்தத்தை நிறுத்த அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் என்ன ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? ஹீமோஃபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய், உள்ளவர்களுக்காக வந்த ஃபேக்டர் 7 ஊசி, ஒரு டோசே பல ஆயிரம் டாலர். கடைசியில் பெரிய ஆய்வு நடந்தபோது அது சாவைக் குறைக்கவில்லை.

டிரானெக்சமிக் அமிலமோ 1962-லேயே வந்துவிட்டது. பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்று, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்த உட்டாகோ ஒகாமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவரும் அவர் கணவரும் கண்டுபிடித்தது. புதிதாக ரத்தத்தை உறைய வைக்காது, உடம்பு கஷ்டப்பட்டுக் கட்டிய உறைவைக் கரையவிடாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். விலை மிகக் குறைவு. காப்புரிமை முடிந்த மருந்தை யார் விளம்பரம் செய்வார்கள்? விபத்துக் காயத்துக்கு அதைச் சோதிக்க 2010 வரை ஆனது. 40 நாடுகள், 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். மருந்து போடாதவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், போட்டவர்களில் 14.5 சதவீதம். சின்ன வித்தியாசமாகத் தெரியலாம், ஆனால் ஆயிரம் பேருக்குப் பதினைந்து உயிர்! முதல் ஒரு மணி நேரத்தில் போட்டால் பலன் அதிகம், மூன்று மணி நேரம் தாண்டினால் கெடுதலே செய்யலாம்.

ஊசி மட்டும் போதாது, ரத்தம் பீறிடும் காயத்தை அடைக்கவும் வேண்டும். கை, கால் என்றால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டும் டூர்னிக்கெட் பட்டை இருக்கிறது. தொடை இடுக்கில் குண்டு பாய்ந்தால் கட்ட இடமே இல்லை. அங்கே கயோலின் களிமண் தோய்த்த காஸ் துணியை, ரத்தம் பீறிடும் இடம் வரை விரலால் திணித்துக்கொண்டே போய், உடம்பு எடை முழுவதையும் போட்டு மூன்று நிமிடம் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்க்கவே கூடாது. பழகாத கைக்கு மூன்று நிமிடம் யுகம் மாதிரி இருக்கும், அதனால் துணி வாங்கிக் கொடுத்தால் போதாது, பயிற்சியும் வேண்டும்.

சரி, குண்டு விழும் இடத்தில் யார் ரத்தக்குழாய் தேடி டிரானெக்சமிக் அமில ஊசி போடுவது என்று கேட்கலாம். தசையில் போட்டாலே கால் மணி நேரத்துக்குள் இந்த மருந்து ரத்தத்தில் போதுமான அளவு சேர்ந்துவிடுகிறது என்று 2021-இல் காட்டிவிட்டார்கள். குளிர்பதனப் பெட்டியும் தேவையில்லை. அப்புறம் ஏன் இன்னும் ஒவ்வொரு முதலுதவிப் பையிலும் இது இல்லை?