பதினொரு போட்டோ போட்டது நான்தான்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இன்பாக்ஸில் "அக்கா, அந்தப் பதிவு உங்களைப் பற்றித்தானே?" என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு மொத்தமாக ஒரே பதில். ஆமாம், என்னைப் பற்றித்தான். எழுதியவர் யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஸ்கிரீன்ஷாட்டும் கேட்காதீர்கள். பாதிப் பேர் அங்கே போய்ச் சிரிப்பு எமோஜி போட்டுவிட்டு வந்துதான் இங்கே "என்ன ஆச்சுக்கா" என்று விசாரிக்கிறீர்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

விஷயம் தெரியாத நாலு பேருக்காகச் சுருக்கமாக: என் மகள் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். கலைத் திருவிழாவில் அவள் பள்ளியிலிருந்து நாடகம் போட்டார்கள். பாரதத்தில் துகில் உரிகிற கட்டத்தை எடுத்து, தமிழ் டீச்சர் கூத்து முறையில் பழக்கியிருந்தார். பள்ளி அளவில் ஜெயித்து, வட்டார அளவில் ஜெயித்து, மாவட்டத்தில் இரண்டாம் இடம். என் மகள்தான் துச்சாதனன். நான் பதினொரு போட்டோ போட்டு, "என் பொண்ணு" என்று இரண்டே வார்த்தை எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

அதற்கு அவர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். பிள்ளைகளை வைத்து லைக் அறுவடை செய்கிறோமாம். இரண்டாம் இடத்துக்கே இவ்வளவு தம்பட்டமா என்று ஒரு கேள்வி வேறு. "துச்சாதனன் வேஷம் போட்டதில் பெருமைப்பட என்ன இருக்கிறது" என்றும் கேட்டிருக்கிறார். அதற்கு முந்நூற்றுச் சொச்சம் லைக்.

சரி. இதே நண்பர் மே மாதம் தன் பையனின் பத்தாம் வகுப்பு மார்க் பட்டியலைப் போட்டிருந்தார். 478. முதலில் பட்டியல் மட்டும், அடுத்து பையன் பட்டியலோடு, அதற்கடுத்து பையன், பட்டியல், மைசூர்பாகு மூன்றும் சேர்ந்து. நானும் ஹார்ட் போட்டேன், மனசாரத்தான் போட்டேன். அந்தப் பையன் நன்றாகப் படிக்கிற பையன். அன்றைக்கு யாராவது "இது என்ன லைக் அறுவடை" என்று கேட்டார்களா? ரிசல்ட் வந்த மறுநாள் டுடோரியல் விளம்பரத்தில் தபால்தலை அளவுக்கு நூறு முகம் போடுகிறார்களே, பள்ளிக்கூட வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்கிறார்களே, அதையெல்லாம் தம்பட்டம் என்று யாரும் சொல்வதில்லை. மார்க் வந்தால் சாதனை, வேஷம் கட்டினால் தம்பட்டம்.

தம்பட்டம் என்பது ஒரு தோல் வாத்தியம். நாலு பேருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அதை அடிப்பார்கள். போர்வைக்குள் வைத்தா அடிப்பார்கள்?

அடுத்து வந்தது வழக்கமான கேள்வி. "நாடகம் சோறு போடுமா?" இதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் என் ஓரகத்தி கேட்டார். மற்றவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாழ்த்தவும் இல்லை. நாற்பத்து மூன்று பேர் பார்த்த நீலக் குறி மட்டும் இருந்தது. அப்புறம் யாரோ வாழைப்பூ வடை செய்முறை அனுப்பினார்கள். அதற்கு ஒன்பது கைதட்டல்.

சோறு போடுமா என்றால், போட்டிருக்கிறது. கணவர் இறந்த பிறகு சத்யபாமா அம்மாள் கும்பகோணத்தில் இரண்டு மகன்களை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டபோது, பிள்ளைகளை பாய்ஸ் கம்பெனி என்கிற சிறுவர் நாடகக் குழுவில் சேர்த்ததே மூன்று வேளை வயிறு நிறையும் என்றுதான். இளைய மகன் எம்.ஜி.ஆர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்துச் சபை தொடங்கியபோது அதில் சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. பின்னால் அவ்வை சண்முகம் என்று பெயரெடுத்தவர் அவர்தான். நடிப்பு என்றால் இன்றைக்கும் நீங்கள் இழுத்துவருகிற சிவாஜி கணேசன், சின்ன வயதில் நாடகக் கம்பெனிக்குப் போனவர். அந்தப் பெயரே அண்ணாவின் நாடகத்தில் சிவாஜி வேஷம் கட்டியதால் பெரியார் வைத்தது. நம் ஊரில் நாடகம் சோறு போட்டது, பெயர் போட்டது, கோட்டைக்கும் அனுப்பியது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளை போனால் மட்டும் "படிப்பு என்னாவது?"

படிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கில் கொஞ்சம் சுமார். எனக்கும் சுமார்தான், ஆனாலும் பட்டுச் சேலைக் கடையில் கணக்கு எழுதித்தான் பிழைக்கிறேன்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு துச்சாதனன்? பாஞ்சாலி கொடுக்கக் கூடாதா?" என்றும் ஒரு அக்கறை. காஞ்சிபுரத்துக்காரர் நீங்கள். புஞ்சரசந்தாங்கல் இங்கேதான் பக்கத்தில் இருக்கிறது. அங்கே 2002-இலிருந்து 2020 வரை கட்டைக்கூத்து குருகுலம் நடந்தது. பி. ராஜகோபால் வாத்தியார் பெண் பிள்ளைகளுக்கும் கூத்து சொல்லிக் கொடுத்தார். புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு பெண்கள் ராஜ வேஷத்தில் சுழன்று ஆடினார்கள். பார்க்க வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். நீங்கள் போகவில்லை, பரவாயில்லை. ஆனால் இல்லாத ஒன்றை என் மகள் புதிதாகக் கிளப்பிவிட்ட மாதிரி பேசாதீர்கள்.

இன்னொரு விமர்சனம் கொஞ்சம் நியாயமானது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் படத்தைப் போடும் முன் பிள்ளையிடம் கேட்டாயா என்று ஒரு தோழி கேட்டார். கேட்டேன். ஏறக்குறைய கேட்டேன். அவள் ஒரே ஒரு போட்டோவை எடுக்கச் சொன்னாள், பதினொன்றாவதை. கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்து, கண் மூடி, வாய் பாதி திறந்து, "தூங்கி வழியற மாதிரி இருக்கும்மா" என்றாள். நான் எடுக்கவில்லை. அதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இப்போது அந்தப் பதிவின் கடைசி வரிக்கு வருவோம். அதாவது அவருக்கு இருநூறு கமெண்ட் வாங்கிக்கொடுத்த வரி: "தன்னால் முடியாததைப் பிள்ளை தலையில் கட்டும் பெற்றோர்."

ஆமாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என்னால் முடியாதது எதுவென்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

எங்கள் அப்பா கூத்துக்காரர். செய்யாறு பக்கத்தில் ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், பெண் வேஷம் கட்டினவர். இருபத்திரண்டு வருஷம். இதைப் பத்து வருஷமாக என் நட்புப் பட்டியலில் இருக்கிற உங்களில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லாமல் பழகிவிட்டது. பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் தகப்பனார் தொழில் விவசாயம். அப்படி எழுதச் சொன்னது அவரேதான். எங்களுக்கு இருந்தது அரைக் காணி. அதுவும் பெரியப்பாவோடு பொது.

பங்குனியில் கிளம்பினால் ஆடி வரைக்கும் ஊர் ஊராகப் பாரதக் கூத்து. துகில் அன்றைக்கு அம்மாவின் சேலைகள் இரண்டு மூன்றை எடுத்துப் போவார். அவரேதான் மடிப்பார், யாரையும் தொடவிட மாட்டார். அன்று பகல் முழுக்கப் பட்டினி. ராத்திரி முகவீணை உச்சத்துக்கு ஏற, திரௌபதை கூந்தலை விரித்துப் போட்டு நிற்கும்போது பெண்கள் கற்பூரம் கொளுத்திக்கொண்டு வருவார்கள். எங்கள் அப்பாவுக்குக் காட்டுவார்கள். எனக்கு ஆறேழு வயது. மூங்கில் தட்டி ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். அப்பாவைச் சாமி என்று கும்பிட்ட அதே ஆள் மறுநாள் டீக்கடையில் "என்ன, மீசை முளைக்கலியா?" என்பார். சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். பெண் வேஷக்காரர் மீசை வைக்க முடியாது. அது அவருடைய தொழிலின் அடையாளம், ஊருக்கு அது கிண்டல். கூத்தாடி மகள் என்று என்னை முதன்முதலில் கூப்பிட்டது மூன்றாம் வகுப்பில். கூப்பிட்டவளின் அப்பாதான் ஊர்த் திருவிழாவுக்கு எங்கள் ஜமாவுக்கு முன்பணம் கொடுத்தவர்.

பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபை ஆரம்பித்தார். வக்கீலாக இருந்து நீதிபதி ஆனவர். பெரிய மனிதர்கள் அந்தச் சபையில் நடித்தார்கள், ஆண்கள் பெண் வேஷமும் கட்டினார்கள். அது நல்லதுதான், அவரை நான் குறை சொல்லவில்லை, நாடகத்துக்கு மரியாதை வாங்கித் தந்தவர். ஆனால் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடித்தவருக்குப் பெயர் அமெச்சூர். கோவணத்தைக் கட்டிக்கொண்டு ஏர் ஓட்டிவிட்டு வந்து நடித்த எங்கள் அப்பாவுக்குப் பெயர் கூத்தாடி. புரிசை கண்ணப்ப தம்பிரானின் கூத்தில் என்ன இருக்கிறது என்று ந. முத்துசாமி எழுதி, 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பிறகு நகரத்துக்காரர்கள் தெருக்கூத்தைக் கலை என்றார்கள். எங்கள் டீக்கடைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்தான் விஜய் சேதுபதி என்று மட்டும் இப்போது எல்லோருக்கும் தெரியும். கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கும் அதில் ஒரு சின்ன சந்தோஷம், போகட்டும்.

எனக்குக் கல்யாணம் 2006 தை மாதம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாளிலிருந்து அப்பா முகச்சவரத்தை நிறுத்தினார். யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை, சத்தியமாக. ஆனால் "வேண்டாம்பா" என்றும் நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முந்தின ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு கூத்து வந்தது, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். முகூர்த்தத்தன்று அடர்த்தியான மீசையோடு நின்றார். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், புதுச் செருப்பு போட்டவர் காலைப் பார்ப்பது மாதிரி. என் மாமியார் வீட்டில் இன்றைக்கும் சிலருக்கு அவர் விவசாயிதான்.

2011-இல் இறந்தார். படத்துக்கு மாலை போட வேண்டும் என்று போட்டோ தேடினோம். கிடைத்ததெல்லாம் என் கல்யாண ஆல்பம். மீசை வைத்த அப்பா. இருபத்திரண்டு வருஷம் பாஞ்சாலியாக நின்றவருக்கு, வேஷத்தில் ஒரு படம் கிடையாது. அரிதாரத்தோடு ஒன்று, சேலையோடு ஒன்று, ஏன், திரைக்குப் பின்னால் பீடி பிடிக்கிற மாதிரிகூட ஒன்று கிடையாது. யாரும் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. மகளுக்கே தோன்றவில்லை.

இப்போது கேளுங்கள், பதினொரு போட்டோ அதிகமா என்று.

அந்தப் பதினொன்றாவது படத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். துகில் கூத்தில் துச்சாதனன் கட்டுகிறவர், சேலை முந்தானையைத் தொடும் முன் ஒரு நொடி ஆட்டத்தை நிறுத்திவிட்டு திரௌபதையைக் கும்பிடுவார். நான் செய்யப்போவது வேஷம், என்னை மன்னித்துவிடு தாயே என்று. அப்பாவுக்கு எதிரே கட்டினவர் அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் அப்பாவைக் கும்பிடுவார். இதை நான் என் மகளுக்கு ஒருமுறை ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே சொன்னேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். மாவட்டப் போட்டியில், பாஞ்சாலியாக நின்ற பிள்ளைக்கு முன்னால் அவள் சட்டென்று நின்றாள். சுழன்று வந்த வேகத்தில் கிரீடம் சாய்ந்துவிட்டது. கை கூப்பிக் கண்ணை மூடினாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா "ஐயோ, வசனம் மறந்துடுச்சு போல" என்றார். எனக்கு வசனம் மறக்கவில்லை என்று தெரியும். அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். கை நடுங்கியதில் படம் கொஞ்சம் கலங்கலாக வந்திருக்கிறது.

"பெருமைப்பட என்ன இருக்கிறது" என்று கேட்டவருக்கு நான் இதற்கு மேல் விளக்கம் சொல்லப் போவதில்லை. "அம்மாவின் நிறைவேறாத ஆசை" என்று மறுபடி யாராவது கமெண்ட் போட்டால் பிளாக்தான். மரியாதையாகச் சொன்னால் போதும் என்று நினைக்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. இரண்டாம் இடம் என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம். மாநிலப் போட்டிக்குப் போக முடியாது, அங்கே கொடுக்கிற கலையரசிப் பட்டம் கிடையாது, எங்களுக்கும் தெரியும். அன்றைக்கு வேனில் திரும்பி வரும்போது பிள்ளைகள் அழுதார்கள். டீச்சர் எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் காதுக்குப் பின்னால் சிவப்பு போகவில்லை. மறுநாள் அப்படியே பள்ளிக்கூடம் போனாள். "துடைச்சுக்கோடி" என்றதற்கு "இருக்கட்டும்மா" என்றாள்.

நேற்று ராத்திரி அவள் அந்தப் பதிவையும் கமெண்டுகளையும் படித்திருக்கிறாள். எதுவும் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவும்போது, "அந்த ஒரு போட்டோவ மட்டும் எடுத்துடும்மா, நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். நான் தாத்தாவைப் பற்றி ஆரம்பித்தேன். "தெரியும்மா. அதனாலதான் எடுக்கச் சொல்றேன். அது அவங்க சிரிக்கறதுக்கு இல்ல" என்றாள்.

எடுத்துவிட்டேன். இப்போது பத்து இருக்கிறது. எண்ணிக்கொள்ளுங்கள்.