இடது கைக்காரர் என்பதால் பேச்சு வலது மூளையில் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது

"இடது கைக்காரர்களுக்குப் பேச்சு வலது மூளையில்தான், இடது டெம்போரல் லோபில் (காதுக்கு அருகே உள்ள மூளைப் பகுதி) வலிப்பு ஆபரேஷன் செய்ய எந்தச் சோதனையும் வேண்டாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி முடிவெடுக்காதீர்கள். 1977-இல் மூளை ஆய்வாளர்கள் ராஸ்முசனும் மில்னரும் வெளியிட்ட வாடா சோதனை (பேச்சு மூளையின் எந்தப் பக்கம் என்று அறியும் சோதனை) முடிவுகளில், சிறுவயதில் இடது மூளையில் பாதிப்பு ஏற்படாத இடது கைக்காரர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பேச்சு இடப்பக்கம்தான். சிறுவயதிலேயே பாதிப்பு இருந்தால் அது வலப்பக்கம் மாறியிருக்கலாம். ஆக, கையை வைத்து யூகிக்க முடியாது.

வாடா சோதனையில் கழுத்துத் தமனி வழியே ஒரு பக்க மூளையை மட்டும் சில நிமிடம் மருந்தால் மரக்கச் செய்வார்கள். தூக்கிப் பிடித்திருக்கும் எதிர்ப்பக்கக் கை தொப்பென்று விழும். உடனே படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள்; சொல்ல முடியாமல் போனால், பேச்சு மரத்த பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். மருந்து தெளிந்ததும், என்னென்ன பார்த்தீர்கள் என்பார்கள். பேச்சோடு நினைவாற்றலையும் பார்ப்பது, ஆபரேஷனால் அதுவும் பாதிக்கப்படலாம் என்பதற்காகத்தான். 1953-இல் வலிப்புக்காக செய்த ஆபரேஷனில், புது நினைவுகள் உருவாக உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியை இரு பக்கமும் இழந்த ஹென்றி மொலைசன் என்ற நோயாளியால், அதன்பின் சந்தித்தவர்களை நினைவில் வைத்துக்கொள்ளவே முடியவில்லை.

இன்று பேச்சுப் பக்கத்தை அறிய, பலருக்கு ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. (மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) போதுமானதாக இருக்கிறது. எது தேவை என்பதை வலிப்பு சிகிச்சைக் குழு சொல்லட்டும்.