டெல்லி தேசிய அருங்காட்சியகம்: இரண்டு கூடம் போதும்

டெல்லி சுற்றுலாத் திட்டம் போடுபவர்கள் இந்தியா கேட்டுக்கும் குதுப்மினாருக்கும் நடுவே தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். ஜன்பத் சாலையில் இருக்கும் அந்தக் கட்டடத்தின் சேகரிப்பில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். காட்சியில் இருப்பது அதில் ஒரு பகுதிதான். அதையே மூன்று தளங்களிலும் ஓடி ஓடிப் பார்த்தால் கால் வலியும் "நிறைய சிலை இருந்துச்சு" என்ற நினைவும்தான் மிஞ்சும்.

என் கருத்து இதுதான். முதல்முறை போகிறவர்கள் ஹரப்பா கூடத்தையும் செப்புத்திருமேனிக் கூடத்தையும் மட்டும் பாருங்கள். இரண்டும் தரைத்தளத்தில்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் தேன்மெழுகு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கிழமை. திங்கட்கிழமை விடுமுறை. செங்கோட்டைக்கும் அன்றுதான் விடுமுறை, தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை. டெல்லி, ஆக்ரா இரண்டையும் சேர்த்துப் போடும்போது இந்த இரண்டு நாளையும் முதலில் குறித்துவிட்டு மற்றதை அடுக்குங்கள். மெட்ரோவில் சென்ட்ரல் செக்ரட்டேரியட்டில் இறங்கலாம். பெரிய பைகளை வாசலில் ஒப்படைக்க வேண்டியிருக்கும், அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. பராமரிப்புக்காக ஏதாவது ஒரு கூடம் மூடியிருப்பது உண்டு. டிக்கெட் வாங்கும்போதே "இன்று எவையெல்லாம் திறந்திருக்கின்றன?" என்று கேட்டுவிடுங்கள்.

ஹரப்பா கூடத்தில் பலருக்கும் நேரும் தவறு, தேடி வந்த பொருளையே தாண்டிப் போய்விடுவது. பாடப்புத்தகத்தில் அரைப்பக்கத்துக்குப் பார்த்த மொகஞ்சதாரோ நடனப்பெண்ணின் உயரம் 10.5 சென்டிமீட்டர்தான். பசுபதி முத்திரை என்று சொல்லப்படும் மாக்கல் சில்லு ஒரு பக்கத்துக்கு 4 சென்டிமீட்டர்கூட இல்லை. ஆள் உயரச் சிலையை எதிர்பார்த்து வரும் கண்ணுக்கு உள்ளங்கைப் பொருள் தெரியாது. பெரிய பானைகளை விட்டுவிட்டுச் சின்னப் பெட்டிகளைத் தேடுங்கள். கண்ணாடியில் விளக்கு எதிரொளித்தால் நேர் எதிரே நிற்காமல் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். போன் கேமராவின் ஜூம் நல்ல பூதக்கண்ணாடி. ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.

நடனப்பெண்ணை நிதானமாகப் பாருங்கள். இடக்கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை இருபதுக்கும் மேல் வளையல்கள். வலக்கையில் நான்கே நான்கு, அந்தக் கை இடுப்பில். பாதங்கள் உடைந்து போய்விட்டன. ஆனாலும் முகவாயைச் சற்றே தூக்கி அவள் நிற்கிற தோரணையில் ஒரு குறையும் இல்லை. ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய வார்ப்பு இது.

சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லில் செய்த நீண்ட மணிகள் கண்ணில் பட்டால் அங்கேயும் நில்லுங்கள். கல்முனைத் துரப்பணத்தால் போட்ட துளை அது. அதே முறையில் செய்து பார்த்த ஆய்வில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டர்தான் இறங்கியது. 10 சென்டிமீட்டர் மணி ஒன்றுக்குத் துளையிட மட்டும் 40 மணி நேரம். கடைசி நாளில் கல் விண்டால் அத்தனையும் வீண். இப்படிப்பட்ட மணிகள் கோத்த மொகஞ்சதாரோ இடுப்பணி ஒன்றை, பிரிவினையின்போது மணி மணியாகப் பிரித்துப் பாதி இந்தியாவுக்கு, பாதி பாகிஸ்தானுக்கு என்று பங்கு போட்டார்கள். நான்காயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்து தப்பியதை மேசைமேல் வைத்துக் கூறு போட்டது நினைக்க நினைக்க மனசு ஆறாத விஷயம். நடனப்பெண் டெல்லியில், பூசாரி அரசன் என்று சொல்லப்படும் சிலை கராச்சியில். ஒரே ஊரில் கிடைத்தவை இவை.

இனி செப்புத்திருமேனிக் கூடம். நடனப்பெண்ணும் சோழர் திருமேனிகளும் ஒரே முறையில் பிறந்தவர்கள். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் செய்து, மேலே மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு கெட்டி மண் பூசிக் கம்பியால் கட்டி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். மெழுகின் எடைக்கு எட்டு, ஒன்பது மடங்கு உலோகம் பிடிக்கும். குறைந்தால் உருவம் அரைகுறையாக நிற்கும். அச்சில் ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி வெடிக்கும். எல்லாம் சரியாக வந்தாலும் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க முடியும். அதனால் ஒவ்வொன்றும் தனி, மறுபிரதி கிடையாது. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

கோயிலில் பட்டும் மாலையும் மறைத்துவிடுவதை இங்கே பார்க்கலாம். பீடத்தில் உள்ள வளையங்களையும் துளைகளையும் தேடுங்கள்: வீதி உலாவுக்குத் தூக்கிச் செல்லும்போது கழி செருகவும் கயிறு கட்டவும் வைத்தவை. சில திருமேனிகளில் கண்ணும் மூக்கும் மழுங்கியிருக்கும். அது சிற்பியின் குறையல்ல, தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து துடைத்த கைகளின் தேய்மானம். பெட்டிக்குப் பின்னால் போக வழியிருந்தால் கட்டாயம் போங்கள். தலைக்குப் பின்னால் உள்ள சிரச்சக்கரம், முதுகில் இறங்கும் சடைமுடி, இடுப்பு ஆடையின் முடிச்சு, எல்லாம் முன்பக்கத்துக்கு இணையான கவனத்தோடு செய்தவை.

இந்தச் சேகரிப்பில் உள்ள திருவரங்குளம் நடராசரைத் தவறவிடாதீர்கள். நமக்குப் பழகிப்போன தூக்கிய திருவடி இவரிடம் இல்லை. இரு முழங்காலும் மடித்து ஆடும் சதுர தாண்டவம். ஆனந்தத் தாண்டவம் ஒன்றே நடராசர் வடிவம் என்று நினைத்திருப்பவர்கள் இவர் முன்னால் பத்து நிமிஷம் நிற்க வேண்டும்.

விளக்கப் பலகையில் ஊர், நூற்றாண்டு, உலோகம் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அந்த ஊர்ப்பெயரே பெரிய திறப்பு. எழுதிக்கொண்டு வந்து, ஒருநாள் அந்த ஊருக்கே போய்ப் பாருங்கள்.

நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களில் புதிய தேசிய அருங்காட்சியகம் அமைக்கும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. 950 அறைகள் என்றார்கள். இடம் பெருகுவது நல்லதே. ஆனால் 10.5 சென்டிமீட்டர் பெண்ணை அத்தனை பெரிய மாளிகையில் எங்கே, எந்த உயரத்தில், எந்த வெளிச்சத்தில் வைப்பார்கள் என்பதுதான் என் கவலை. எனவே, வாய்ப்பு இருப்பவர்கள் ஜன்பத் கட்டடத்திலேயே இப்போது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு கூடமும் முடிந்து தெம்பு மிச்சமிருந்தால் மத்திய ஆசியக் கூடம். தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் பாலைவனப் பாதைகளிலிருந்து கொண்டுவந்த, சீனாவின் துன்ஹுவாங் பட்டுத் திரைகள் அங்கே உள்ள சேகரிப்பைச் சேர்ந்தவை. தெம்பு இல்லையென்றால் அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.