மரம் வெட்டுறவங்களுக்கு ஒரு சப்போர்ட் பதிவு

ஏப்ரல் மாசம் இங்க பக்கத்துல ஒரு காட்டுல வாலன்டியரா போய் புதர் வெட்டின போட்டோ போட்டேன்ல, அதுக்கு சொந்தக்காரர் ஒருத்தர் கமெண்ட்ல வந்து "நாங்க ஊர்ல மரம் நட்டுட்டு இருக்கோம், நீ அமெரிக்கா போய் மரத்த வெட்டுறியா"ன்னு கேட்டுட்டுப் போயிட்டார். அப்ப பதில் சொல்ல டைம் இல்ல. இப்ப அம்மா வந்திருக்காங்க, அவங்கள ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், அதச் சொன்னா அதுவே பதில்தான்.

சிகாகோவுக்கு மேற்க லைல்னு ஒரு ஊர்ல மார்ட்டன் ஆர்போரீட்டம்னு பெரிய மரத் தோட்டம் இருக்கு. உப்பு கம்பெனிக்காரர் ஜாய் மார்ட்டன் 1922ல ஆரம்பிச்சது. எல்லாரும் மரம் பாக்கத்தான் அங்க போவாங்க. நான் நேரா மேற்குப் பக்கம் இருக்கிற ஷூலன்பர்க் ப்ரெய்ரிக்கு விட்டேன். ப்ரெய்ரின்னா இந்த ஊர்ப் புல்வெளி. செப்டம்பர் முதல் வாரம், புல்லு தலைக்கு மேல நிக்குது, நடுவுல ஒத்தையடிப் பாதை. அம்மா சேலையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமா பத்து நிமிஷம் நடந்துட்டு, "ஏட்டி, புல்லப் பாக்கவா டிக்கெட்டு எடுத்துக் கூட்டியாந்த? இது நம்ம கோவில்பட்டி தரிசுலயே கெடக்கே"ன்னாங்க.

நியாயமான கேள்விதான். ஆனா இந்தப் புல்லு தானா மொளச்சது இல்ல. 1962 வரைக்கும் இது உழுத நிலம். ரே ஷூலன்பர்க்னு ஒருத்தர் ஆரம்பிச்சாரு. ரயில்வே லைன் ஓரம், பழைய கல்லறைத் தோட்டம், இப்படி ஏர் படாம தப்பிச்ச மூலை முடுக்கெல்லாம் போய் வெத பொறுக்கிட்டு வந்து, நாத்து வளத்து, கையாலயே நட்டு, களை எடுத்து, வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வந்தது. செத்தவங்களப் பொதச்ச எடத்துலதான் உயிரோட புல்லு மிச்சம் இருந்திருக்கு, யோசிச்சுப் பாருங்க.

சிகாகோ இருக்கிற இல்லினாய் மாநிலத்துக்கு 'ப்ரெய்ரி ஸ்டேட்'னே பேரு. சுமார் 2.2 கோடி ஏக்கர் இருந்த புல்வெளில நல்ல நிலைல மிஞ்சினது கிட்டத்தட்ட 2,500 ஏக்கர். பத்தாயிரத்துல ஒரு பங்குன்னு வைங்க. 1837ல இதே மாநிலத்துல ஜான் டீர் ஸ்டீல் கலப்பை செஞ்சாரு, ஒட்டுற கறுப்பு மண்ண அது வழுக்கிட்டு அறுத்துட்டுப் போச்சு, அப்புறம் எல்லாம் மக்காச்சோளமும் சோயாவும்தான். அந்த மண்ணு கறுத்ததே இந்தப் புல்லாலதான், வேரு பத்தடி வரைக்கும் எறங்கி ஆயிரக்கணக்கான வருஷமா செத்து மக்கி மக்கி சேர்ந்தது. அம்மா குனிஞ்சு ஒரு சிட்டிகை எடுத்து வெரல்ல தேச்சுப் பாத்துட்டு "கரிசல் மாதிரில்லா இருக்கு"ன்னாங்க. கரிசல் கறுத்த கதை வேற, ஆனா அந்த நேரத்துல நான் லெக்சர் எடுக்கல.

அதுக்கப்புறம் அவங்கதான் எனக்கு ட்ரெயில் காட்டினாங்க! பிக் புளூஸ்டெம்னு ஒரு புல்லு, அதோட கதிரு வான்கோழிக் கால் மாதிரி மூணா பிரிஞ்சு நிக்கும், அதப் பாத்துட்டு நம்மூர்ப் புல்லு ரெண்டு மூணு பேரு சொன்னாங்க. காம்பஸ் செடியோட பெரிய எலை வடக்கு தெக்கா விளிம்ப வச்சு நிக்கும்னு காட்டினேன், தொட்டுப் பாத்துட்டு "உப்புத்தாள் கணக்கா இருக்கு"ன்னாங்க. மில்க்வீட் எலைய ஒண்ணு கிள்ளிட்டாங்க (கிள்ளக்கூடாதுன்னு ரூல் இருக்கு, நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள கிள்ளியாச்சு), பால் வடிஞ்சதும் "எருக்கு!"ன்னு ஒரே சந்தோஷம். நெஜமாவே எருக்கோட குடும்பம்தான் அது, மொனார்க் பட்டாம்பூச்சிப் புழு இத மட்டும்தான் திங்கும். கொஞ்ச தூரம் போனதும் நின்னுட்டாங்க. "கொத்தமல்லி வாசன வருது, எவளோ சட்னி அரைக்கா." ட்ராப்சீட்னு ஒரு புல்லு, பூக்கிறப்ப அப்படித்தான் மணக்கும். நான் நாலு வருஷமா போறேன், எனக்கு பாப்கார்ன் வாசனைன்னுதான் தோணிச்சு.

புல்லு முடியிற எடத்துல ஓக் மரங்க வருது, தள்ளித் தள்ளி, கீழ வெயில் விழற மாதிரி. இங்கதான் சொந்தக்காரருக்கான பதில். இந்த மாதிரி காட்டுல பக்தார்ன்னு ஒரு புதர் மரம் பூந்துடும். ஐரோப்பால இருந்து வேலிக்குன்னு கொண்டு வந்தது. மத்த மரமெல்லாம் எலை உதிர்த்த பிறகும் அது மட்டும் பச்சையா நின்னு வெளிச்சத்த அடைச்சுக்கும், கீழ ஒரு பூச்செடி வராது, ஓக் கன்னு வராது. பாக்க பச்சப்பசேல்னு செழிப்பா தெரியும், உள்ள போனா வெறுந்தரை. அதத்தான் நாங்க வெட்டுனோம். வெட்டி, அடிக்கட்டைல மருந்து தடவலைன்னா திரும்பத் துளுக்கும்.

அப்புறம் நெருப்பு. புல்வெளிய எரிக்கிறதும் வேணும்னே செய்றதுதான். காத்து, ஈரம் எல்லாம் பாத்து, ட்ரெய்னிங் எடுத்தவங்க நின்னு எரிப்பாங்க. புல்லோட உயிரு மண்ணுக்குள்ள இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகாது, உள்ள நுழையப் பாக்கிற மரக் கன்னும் புதரும்தான் போகும். பர் ஓக்னு ஒரு வகை ஓக், அதுக்கு பட்டை தக்கை மாதிரி தடியா இருக்கும், தாங்கிடும். வெள்ளக்காரன் கண்டுபிடிச்சதும் இல்ல இது, போட்டாவாட்டமி மாதிரி இந்த மண்ணோட மக்கள் காலங்காலமா செஞ்சுட்டு இருந்தது. 1833 சிகாகோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் அவங்களத் தொரத்தினாங்க, நெருப்பும் நின்னுச்சு.

நமக்கு பசுமைன்னா மரம், மரம் இல்லாத எடம் தரிசு, அவ்ளோதான். கொடைக்கானல், நீலகிரி மேல சோலைக்காட்டுக்கு நடுவுல இருந்த புல்வெளியெல்லாம் சும்மா கெடக்குன்னு நெனச்சுத்தான வாட்டில், யூகலிப்டஸ், பைன்னு நட்டாங்க? வரையாடு பைன் தோப்புலயா மேயும்? வல்லநாட்டு வெளிமானுக்கு வெட்டவெளி வேணும். லட்சம் கன்னு நட்டோம்னு பேனர் கட்டுறதுக்கு முன்னாடி, அந்த எடத்துல ஏற்கனவே என்ன இருந்துச்சுன்னு ஒரு ஆளாவது கேட்டாங்களா? கோவப்படாதீங்க, மரம் நடவே வேணாம்னு சொல்லல. எங்க வேணும்னாலும் நடலாம்ங்கிறத மட்டும்தான் ஒத்துக்க மாட்டேன்.

இங்கயும் எல்லாரும் திருந்திட்டாங்கன்னு இல்ல. போன வருஷம் வீட்டு முன்னாடி நாலு மில்க்வீட், ரெண்டு கோன்ஃப்ளவர் வச்சேன், "களை வளர்க்கிறீங்க, எடுத்துடுங்க"ன்னு எங்க குடியிருப்பு அசோசியேஷன்ல இருந்து லெட்டர். ப்ரெய்ரி ஸ்டேட்ல!

வீட்டுக்கு வந்து பாத்தா அம்மா சேலைக் கரை பூரா நாயுருவி மாதிரி ஒட்டிக்கிற தட்டை வெத. சோபால உக்காந்து ஒண்ணொண்ணா பிச்சு டிஷ்யூ பேப்பர்ல சேத்து வச்சாங்க, ஒரு கைப்பிடி தேறுச்சு. குப்பைல போடப் போறாங்கன்னு நெனச்சேன். பேப்பர மடிச்சுக்கிட்டே கேட்டாங்க:

"ஏட்டி, அந்த லெட்டர் போட்டவன் வீடு எது?"