விஸ்காம்னா சினிமா மட்டும் இல்லங்க

அக்கா பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா, விஸ்காம் படிக்கணும்னு சொன்னதுல இருந்து வீட்டுல இதே பேச்சுதான். "சினிமாவுக்குத்தானே போகப்போற, அதுக்கு எதுக்கு மூணு வருஷம், ஆறு மாசம் எடிட்டிங் கோர்ஸ் போதாதா, இப்பல்லாம் போன்லயே எடிட் பண்றாங்க"ன்னு அத்தான் கேக்குறாரு. கேக்குறதுல தப்பில்ல, ஃபீஸ் கட்டப்போறது அவருதான். ஆனா 2008ல இதே கோர்ஸ்ல சேந்தவ நான், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

விஸ்காமோட முழுப் பேரு பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன். கையில குடுக்குறது சயின்ஸ் டிகிரி, ஆனா முதல் செமஸ்டர்லயே டிராயிங் போர்டு முன்னாடி உக்கார வைப்பாங்க, அடுத்த பீரியட் கம்யூனிகேஷன் தியரி, அப்புறம் போட்டோகிராபி, விளம்பரம், ரேடியோ, டிவி புரொடக்‌ஷன்னு போகும். இத்தனையும் எதுக்கு ஒரே டிகிரிக்குள்ளன்னு அப்ப எனக்கும் புரியல. கேமரா எப்ப கையில தருவாங்கன்னே காத்துட்டு இருந்தோம், தியரி கிளாஸ்ல பாதிப்பேரு இருக்க மாட்டோம்.

டிராயிங் சார் முதல் வாரம் ஒரு பித்தளைச் சொம்பை ஸ்டூல் மேல வச்சாரு. பின்னாடி வெள்ளைத் துணி, இடது பக்கம் ஜன்னல் வெளிச்சம். வாய், கழுத்து, வயிறுன்னு கோடு போட்டேன், தட்டையா வந்துச்சு. "சொம்ப விடும்மா, அதச் சுத்தி இருக்க இடத்தை வரை, வெளிச்சம் எங்க விழுது நிழல் எங்க முடியுதுன்னு பாரு"ன்னாரு. ரெண்டு மணி நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன். நிழல்னா கருப்புன்னு நினைச்சிருந்தேன், துணில விழுந்த நிழலுக்குள்ள பித்தளையோட மஞ்சள் லேசா ஏறியிருந்துச்சு.

கம்யூனிகேஷன் தியரில லாஸ்வெல்னு ஒரு அமெரிக்க அறிஞர் 1948ல எழுதுனது ஒண்ணு வரும், எந்தச் செய்தியையும் பாத்துக் கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி. யார் சொல்றாங்க, என்ன சொல்றாங்க, எது வழியா, யாருக்கு, என்ன விளைவு. ரெண்டு மார்க் கேள்வின்னு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துட்டேன்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தப்ப ஒரு நியூஸ் சேனல்ல எடிட்டிங்ல இருந்தேன். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணி வந்து அடையாறு பொங்கி சைதாப்பேட்டைப் பக்கமெல்லாம் முங்கிக் கெடந்த நேரம். ஒரு கிளிப் வந்துச்சு, இடுப்பளவு தண்ணில ஒரு பாட்டி, முகம் முழுக்க குளோஸ்-அப், சேலை விலகினது கூட தெரியாம அழுறாங்க. அதையே லூப்ல ஓட்டலாம்னு பக்கத்துல சொல்றாங்க. எனக்கு "யாருக்கு, என்ன விளைவு"ன்னு மண்டைக்குள்ள ஓடுது, வெளியூர்ல இருக்க அவங்க புள்ள இதைப் பாத்தா என்ன ஆவான்? திரும்ப ஓட்டிப் பாத்தேன். நாலு செகண்ட் முன்னாடி ஒரு வைட் ஷாட், பாட்டி சின்னதா ஒரு ஓரத்துல, சுத்தி முழுக்கத் தண்ணி, பின்னாடி வீட்டுக் கதவு பாதிதான் தெரியுது. தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு அந்தக் கதவைப் பாத்தாலே தெரியும், தெருப் பேரு போர்டும் ஃபிரேம்ல இருக்கு, உதவிக்குப் போறவங்களுக்கு அதுதானே வேணும். அதைத்தான் போட்டேன். வெட்டுறதுக்கு ஒரு நிமிஷம் ஆச்சு, அதை ஆறு மாச கோர்ஸ்லயும் கத்துக்கலாம் அத்தான். ஆனா சுத்தி இருக்க இடத்தைப் பாக்கணும்னு அந்த நேரத்துல எனக்குத் தோணுச்சே, அது அந்த டிராயிங் ஹால்ல வந்தது.

படிச்ச காலேஜ் மேல கோபமும் இருக்கு. 40 பேருக்கு 3 கேமரா, அதுல ஒண்ணு எப்பவும் ரிப்பேர், ஃபிலிம் கழுவுற டார்க் ரூம் பூட்டியே கெடக்கும். அவ்வளவு ஃபீஸ் வாங்கிட்டு இப்படி நடத்துறது பெத்தவங்களுக்குப் பண்ற துரோகம்னுதான் இன்னிக்கும் சொல்வேன்.

நாளைக்கு அவளை ஒரு காலேஜுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஸ்டுடியோவ பளபளன்னு காட்டுவாங்க, அதைப் பாத்து மயங்காத, கேமரா எத்தனை, டிராயிங் ஹால் எங்க, மூணாவது வருஷப் பசங்க எடுத்த படத்தைக் காட்டுங்கன்னு நீயே வாய் திறந்து கேளுன்னு சொல்லிருக்கேன். "சரி சித்தி"ன்னா. அத்தானும் வர்றேன்னு சொல்லிருக்காரு.